‘சமூகக் காரணம்’ என்ற பதிவு: சேலம் – நாமக்கல் சமவெளியில் பொதுச் சுகாதார மேற்படிப்பின் வரலாறு குறித்து ஒரு மறுவாசிப்பு

பொதுச் சுகாதாரத்தில் தமிழ்நாடு பிற மாநிலங்களை விஞ்சி நிற்பதற்கான காரணம் யாது, அதில் மேற்படிப்புக்கு உள்ள பங்கு எவ்வளவு என்ற கேள்விக்கு இன்று பெரும்பாலோர் மேற்கோள் காட்டும் விடை மோனிகா தாஸ்குப்தாவும் அவருடைய சக ஆய்வாளர்களும் அளித்ததாகும். உலக வங்கியின் ஆய்வறிக்கையாக 2009-இலும், ‘எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி’ இதழில் 2010-இலும் வெளிவந்த அவர்களது கட்டுரை, விடுதலைக்குப் பின் பிற மாநிலங்கள் மருத்துவப் பணியையும் பொதுச் சுகாதாரப் பணியையும் ஒன்றாக இணைத்துவிட்ட நிலையில், தமிழ்நாடு மட்டும் தனி இயக்ககம், தனி நிதி ஒதுக்கீடு, 1939-ஆம் ஆண்டுச் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டத்தின் பின்பலம், அதற்கென்றே பயின்ற மருத்துவர்களைக் கொண்ட ‘கேடர்’ எனப்படும் தனிப் பணிப்பிரிவு ஆகியவற்றைக் காத்துவந்ததே வெற்றியின் அடிப்படை என்று நிறுவுகிறது. கட்டுரையாசிரியர்களில் ஒருவரான ப. பத்மநாபன் அந்த இயக்ககத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர் என்பதை நினைவில் கொள்வது நல்லது. அதனால் வாதம் வலுவிழப்பதில்லை, ஆயினும் அது எந்த நாற்காலியிலிருந்து பார்க்கப்பட்டது என்பது தெளிவாகிறது.

இந்த வாசிப்பில் மேற்படிப்பு ஒரு தகுதிச் சீட்டாகவே இடம்பெறுகிறது. பொதுச் சுகாதாரப் பட்டயம், அதாவது ‘டி.பி.ஹெச்.’, பெற்றவர் மாவட்டத்துக்கு வருகிறார்; அறிவு அவரோடு வருகிறது; மாவட்டம் பயன்பெறுகிறது. பட்டயத்தின் வரலாறும் மேலோட்டமாகப் பார்த்தால் இதற்கு இசைவாகவே தோன்றும். டப்ளினில் 1871-இலும் கேம்பிரிட்ஜில் 1875-இலும் தொடங்கிய அந்தப் பட்டயம், சென்னைப் பல்கலைக்கழகத்தின் சுகாதார அறிவியல் பட்டமாகவும் பின்னர்ச் சென்னை மருத்துவக் கல்லூரியின் பட்டயமாகவும் இங்கு வேரூன்றியது. ராக்கெபெல்லர் அறக்கட்டளையின் பொருளுதவியால் 1916-இல் நிறுவப்பட்ட ஜான்ஸ் ஹாப்கின்ஸ் சுகாதாரப் பள்ளியும், அதே உதவியால் 1932-இல் கல்கத்தாவில் எழுந்த அகில இந்தியச் சுகாதார நிறுவனமும் அதற்குப் பன்னாட்டு வடிவம் தந்தன. ‘உலகப் பொதுச் சுகாதாரம்’ என்று இன்று புதுப்பெயரில் வழங்கும் படிப்பு, பெயர் தோன்றுவதற்கு முன்பே உலகளாவியதாகத்தான் இருந்தது.

ஆனால் சேலம் சமவெளியை வைத்துப் பார்க்கும்போது இந்த வரிசை பொருந்தவில்லை. மேட்டூர் அணை 1925 முதல் 1934 வரை சேலம் மாவட்டத்தில் கட்டப்பட்டது. அதன் நீர் பாய்ந்த புதிய கால்வாய்ப் பகுதியில் மலேரியா பற்றிய ஆய்வை ராக்கெபெல்லர் அறக்கட்டளையின் பால் ரஸ்ஸல் நடத்தியதோ தஞ்சை மாவட்டத்துப் பட்டுக்கோட்டையில். (இவரை, 1920-களில் சென்னை மாகாணப் பொதுச் சுகாதார இயக்குநராக இருந்த ஏ. ஜே. ஹெச். ரஸ்ஸலோடு குழப்பிக்கொள்ளும் வழக்கம் உண்டு, இருவரும் வேறு.) சேலத்தில் அரசு மருத்துவக் கல்லூரி அமைந்தது 1986-இல், அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே, 1966-இல், மருத்துவக் கல்விக்கெனத் தனி இயக்ககம் பிரிக்கப்பட்டிருந்ததால், கல்லூரியின் சமூக மருத்துவத் துறை ஓர் இயக்ககத்தின் கீழும் அதன் வாசலுக்கு வெளியே உள்ள ஆரம்ப சுகாதார நிலையங்கள் வேறோர் இயக்ககத்தின் கீழும் இருந்தன. நாமக்கல்லில் 1985-இலேயே கால்நடை மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. மனிதருக்கான அரசு மருத்துவக் கல்லூரி 2022-இல்தான் திறக்கப்பட்டது. சமவெளியின் கோழிப் பண்ணைகளை அறிந்தவர்களுக்கு இந்த முந்துரிமை வியப்பளிக்காது. ஆகவே, பட்டயம் பெற்ற அலுவலர்களுக்குச் சேலம் நெடுங்காலம் பணியிடமாக இருந்ததேயன்றிப் பயிலிடமாக இருக்கவில்லை. தாஸ்குப்தா குழுவினரின் வாசிப்பைச் சோதிக்க இதைவிடப் பொருத்தமான நிலம் அமைவது அரிது.

சோதனைக்கு எடுத்துக்கொள்ளத்தக்கது ஒற்றைப் பதிவு. 1990-களில் ஆரம்ப சுகாதார நிலையங்களின் குழந்தை இறப்புப் பதிவுகளில், இறப்புக்கான காரணத்தைக் குறிக்கும் இடத்தில், ‘சமூகக் காரணம்’ என்ற பொருள்படும் சொற்றொடர் காணப்படுகிறது. பெண்சிசுக் கொலைக்கான இடக்கரடக்கல் அது. ஷீலா ராணி சுங்கத்தும் வே. பா. ஆத்ரேயாவும் 1995-ஆம் ஆண்டுக்குரிய இந்தப் பதிவுகளைத் தொகுத்து 1997 ஏப்ரலில் வெளியிட்ட கட்டுரைதான், சேலம், தருமபுரி, மதுரை ஆகிய பகுதிகளில் இக்கொடுமையின் பரவலை எண்களால் காட்டியது. ஒருவர் ஆட்சிப்பணி அலுவலர், மற்றவர் பொருளியலர். பொதுச் சுகாதாரப் பணிப்பிரிவைச் சேர்ந்தவர் இருவரில் ஒருவரும் இல்லை.

இச்சொற்றொடரின் அமைப்பு ஊன்றி நோக்கத்தக்கது. ஏறத்தாழ 5,000 பேருக்கு ஒருவராக அமர்த்தப்பட்டு, துணை சுகாதார நிலையத்தையே வீடாகக் கொண்டு, ஒவ்வொரு கருவுற்ற பெண்ணையும் பெயர் சொல்லி அறிந்த கிராம சுகாதாரச் செவிலியர், மூன்றாவது பெண்ணாகப் பிறந்த குழந்தை மூன்றாம் நாள் இறந்தது என்று கேள்விப்படும்போது அவர் முன் இரண்டு எளிய வழிகள் இருந்தன. ‘மூச்சுத்திணறல்’ அல்லது ‘பால் புரையேறியது’ என்று வீட்டார் சொன்னதை அப்படியே எழுதினால் பதிவு பொய்யாகும். ‘கொலை’ என்று எழுதினால் காவல் நிலையம் வரும், மறுநாள் முதல் எந்த வீட்டுக் கதவும் அவருக்குத் திறக்காது. ‘சமூகக் காரணம்’ இரண்டுமல்லாத மூன்றாவது வழி: எவரையும் குற்றம் சாட்டாது, எதையும் மறைக்காது, கூட்டிக் கணக்கிடவும் இடம் தரும். பிறந்த முதல் வாரத்தில் இயற்கையாக ஆண் குழந்தைகளே கூடுதலாக இறக்கும் என்பது உலகெங்கும் கண்ட உண்மையாதலால், பெண் இறப்பு அதை மிஞ்சும் ஊர்களில் இச்சொல்லும் சேர்ந்து வருவது கணக்கைத் தன்னளவில் உறுதிசெய்கிறது. 1893-இல் ழாக் பெர்த்தியோன் வகுத்த பட்டியலின் வழிவந்த பன்னாட்டு நோய் வகைப்பாட்டில் கொலைக்கு இடமுண்டு. ‘சமூகக் காரணம்’ என்றோர் இறப்பு வகை அதில் இல்லை. வகைப்பாடு என்பது நோய்ப்பரவலியலின், அதாவது மக்கள்திரளில் நோயும் இறப்பும் பரவும் விதத்தை ஆராயும் துறையின், முதற்பாடம். அப்பாடத்தில் உலகப் பட்டியல் தராத ஒரு வகை இந்தச் சமவெளியின் பதிவேடுகளில் இடம்பெற்றது.

சான்று மெலிந்திருப்பது இவ்விடத்தில்தான். ஆயினும் ஊகத்தைத் துணிந்து முன்வைக்க வேண்டியிருப்பதும் இவ்விடத்தில்தான். இச்சொல்லை வகுப்பறையில் பயின்ற அலுவலர் கீழே அனுப்பியிருக்க வாய்ப்புக் குறைவு. பட்டயப் பாடத்திட்டம் வளர்ந்த மரபு காலரா, மலேரியா, கொக்கிப்புழு, திருவிழாக் கூட்டத்துக்கான தடுப்பூசி ஆகியவற்றைச் சுற்றியது. 1939-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே சந்தை, திருவிழாக்களுக்கெனத் தனிப்பகுதி இருப்பது அம்மரபின் அக்கறைகளை நன்கு காட்டும். வீட்டுக்குள் நிகழும் இறப்புக்குப் பெயரிடும் தேவை, அந்த வீட்டுக்கு மறுமாதமும் போயாக வேண்டியவருக்கே உண்டு. அவ்வாறாயின், இங்கு கற்பித்தவர் செவிலியர். கற்றவர் மேலே இருந்த மருத்துவர்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. பதிவேடு இருந்ததும், அது ஒழுங்காக எழுதப்பட்டதும், மாதந்தோறும் சரிபார்க்கப்பட்டதும் தனி இயக்ககத்தின் கண்காணிப்பால்தானே என்று தாஸ்குப்தா குழுவினர் கேட்கலாம். கேட்டால் அது நியாயமே. அடித்தளப் பணியாளர்களை அவர்களது கட்டுரை மறக்கவும் இல்லை. ஆனால் அவர்களைச் செயற்கருவிகளாக அது பார்க்கிறது. அறிவின் பிறப்பிடமாகப் பார்க்கவில்லை. மேலும், சேலத்தின் பதிவேடுகளுக்கு இயக்ககம் மட்டும் பொறுப்பன்று: 1980-களில் டென்மார்க் அரசின் ‘டானிடா’ நிறுவனம் சேலம், தென்னார்க்காடு மாவட்டங்களைத் தேர்ந்து துணை சுகாதார நிலையங்களையும் பணியாளர் பயிற்சியையும் விரிவுபடுத்தியது. தனி இயக்ககம் மாநிலம் முழுவதும் ஒன்றே. டானிடாவின் கை படிந்தது சில மாவட்டங்களில் மட்டுமே. இந்த வேறுபாட்டைக் கணக்கில் எடுக்காத விளக்கம், சேலத்தைப் பொறுத்தவரை, பாதி விளக்கமே.

பின்வந்த மேற்படிப்பு இதற்கு மறைமுகமாக ஒப்புதல் தருகிறது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தின் அச்சுத மேனன் மையம் 1997-இல் பொதுச் சுகாதார முதுநிலைப் பட்டத்தைத் தொடங்கியது. சென்னையிலுள்ள தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனம் அதே நிறுவனத்தின் பட்டத்தோடு 2001-இல் களப்பணி சார்ந்த நோய்ப்பரவலியல் முதுநிலைப் படிப்பை நடத்தலாயிற்று. மாணவர் காலத்தின் பெரும்பகுதியைத் தம் பணியிடத்திலேயே கழித்து, அங்குள்ள கண்காணிப்புப் பதிவுகளைத் தாமே மதிப்பிட வேண்டும் என்பது இரண்டாவதன் நெறி. பதிவேட்டைப் படிப்பதே படிப்பு என்றாகியது. சுங்கத் – ஆத்ரேயா கட்டுரை வந்ததும், சேலத்திலிருந்து நாமக்கல் தனி மாவட்டமாகப் பிரிந்ததும், திருவனந்தபுரத்தில் அப்பட்டம் தொடங்கியதும் ஒரே 1997-இல் என்பது தற்செயலே. அதன்மீது எதையும் கட்டுவது சரியன்று.

எஞ்சுவது காலக்கணிப்பு. ‘சமூகக் காரணம்’ 1995-க்குள் வழக்கில் இருந்தது என்பது மட்டுமே ஐயத்துக்கு அப்பாற்பட்டது. தமிழக அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தை 1992-இல் சேலத்தில்தான் தொடங்கிற்று. அதன்பின் மேலிருந்து வந்த அறிவுறுத்தலால் இச்சொல் பதிவேட்டில் நுழைந்தது என்று கொண்டால், மேலே கூறப்பட்ட ஊகம் பெரிதும் தளரும், தாஸ்குப்தா குழுவினரின் வரிசையும் ஓரளவு மீளும். டானிடா பதிவேடுகள் பரவிய 1980-களிலேயே அது இருந்தது என்று காட்ட முடிந்தால் நிலைமை தலைகீழாகும். 1992-க்கு முற்பட்ட ஒரே ஒரு தாள் போதும்; அது கிடைக்கும் வரை, சேலத்தில் யார் யாருக்குக் கற்பித்தார் என்ற கேள்வியைத் திறந்தே வைக்க வேண்டியிருக்கிறது. 1995-ஆம் ஆண்டுக்குரிய எண்களில் ‘சேலம்’ என்று வருவது இன்றைய நாமக்கல்லையும் உள்ளடக்கியது என்பதால், அத்தாளை இரு மாவட்டங்களின் சுகாதார நிலையங்களிலும் தேடியாக வேண்டும்.