மேற்கே தெரியும் மலை

சுரண்டையில் மேற்கு என்றால் மலை என்றே பொருள். ஆனி மாதத்துக் காலைப் பொழுதில் குளத்தங்கரையில் நின்று அந்தத் திசையை நோக்கும் விவசாயி, மேகம் திரிகூட மலையின் உச்சியை மட்டும் மூடியிருக்கிறதா, இடுப்பு வரை இறங்கியிருக்கிறதா என்பதைக் கவனித்து, "மலை கறுத்திருக்கு, குத்தாலத்துல தண்ணி விழுந்துரும்" என்று பக்கத்தில் நிற்பவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் தம் வேலையைப் பார்க்கப் போய்விடுவார். அந்த மேகத்தால் அவருக்கு நேரான பிரயோஜனம் அதிகமில்லை. தென்காசி வரை சாரலாக வருவது இங்கே வந்து சேர்வதற்குள் வெறுங்காற்றாக மெலிந்துவிடும். இவ்வூர்க் குளங்கள் பெருகுவதெல்லாம் ஐப்பசி கார்த்திகை மழையில்தான். ஆயினும் அவர் பார்க்கத் தவறுவதில்லை. மலையைச் சித்திரமாக்க வந்தவர்களின் சரித்திரத்தை எழுதத் தொடங்கும்போது, சித்திரம் வேண்டாமலே அதை நாள்தோறும் பார்த்துவந்த இவரை முதலில் நிறுத்திக்கொள்வது நல்லது.

குற்றால மலையின் பழைய படம் சொல்லால் ஆனது. பதினெட்டாம் நூற்றாண்டில் மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயர் இயற்றிய குறவஞ்சி நாடகத்தில் குறத்தி மலையிலிருந்து இறங்கி வந்து, வீதியில் நின்றே வசந்தவல்லிக்குத் தன் மலைவளத்தை எடுத்துரைக்கிறாள். கேட்பவள் மலையேற வேண்டிய அவசியமே இல்லை. கவிராயரின் மேலகரமும் அருவிக்கு அருகிலிருந்தாலும் சமவெளிக் கிராமந்தான். நம்மூர் ஜனங்கள் மலையைக் கீழிருந்து ரசித்தவர்கள் என்ற என் கட்சிக்கு இதைவிடச் சிறந்த சாட்சியம் கிடைக்காது. தம் பிற்காலத்தைக் குற்றாலத்திலேயே கழித்து 1954-ல் மறைந்த ரசிகமணி டி.கே.சி. இந்நூலை எத்தனை ஆசையோடு பேசிப் பரப்பினார் என்பது தமிழர் அறிந்ததே. குற்றாலத்திலுள்ள சித்திர சபையிலோ, நடராஜப் பெருமானே சுவரில் தீட்டிய ஓவியமாக எழுந்தருளியிருக்கிறார். பொன்னும் வெள்ளியும் தாமிரமும் ரத்தினமும் மற்ற நான்கு சபைகளுக்குப் போக, வர்ணம் மட்டும் இந்த ஊருக்கு வாய்த்தது.

கண்ணால் கண்டதைக் கண்டவாறே தாளில் பிடிக்கும் உத்தி வெளியிலிருந்து வந்தது. 1792-ல் சென்னையிலிருந்து தெற்கே கன்னியாகுமரி வரை பிரயாணம் செய்த தாமஸ் டேனியல், அவருடைய சகோதரர் மகன் வில்லியம் டேனியல் என்ற இரு ஆங்கில ஓவியர்கள், திருநெல்வேலிச் சீமையில் பாபநாசத்து அருவியை வரைந்தார்கள். பின்னர் அது செப்புத்தகட்டில் பொறிக்கப்பெற்று, அவர்கள் லண்டனில் வெளியிட்ட பெருந்தொகுதியில் இடம்பெற்றது. அவர்களிடம் ஓர் இருட்டுப் பெட்டி இருந்தது. அதன் முகப்பிலுள்ள கண்ணாடி வில்லை வழியே எதிரேயுள்ள காட்சி உள்ளே விழ, அந்த நிழலின் விளிம்பிலேயே பென்சிலை ஓட்டிப் பாறையையும் நீரையும் அளவு பிசகாமல் எடுத்துக்கொள்வார்கள். நிழலைத் தானாகவே பதியவைக்கும் ரசாயனம் மட்டும் அகப்பட்டிருந்தால் அந்தப் பெட்டியே கேமராவாகியிருக்கும். அது அகப்பட ஏறத்தாழ ஐம்பது வருஷம் ஆயிற்று.

அகப்பட்ட பின்பும் மலைக்குப் போவது சுலபமாக இருக்கவில்லை. சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் டிரைப் 1858-ல் வெளியிட்ட ஆல்பங்களில் மதுரையும் தஞ்சையும் திருச்சியும் புதுக்கோட்டையும் உண்டு, குற்றாலம் இல்லை. கோயிற் கல் அசையாமல் நிற்கும், அருவி நிற்குமா? அக்காலத்து ஈரக் கண்ணாடித் தகட்டு முறையிலோ, கண்ணாடியில் மருந்தைப் பூசி, அது உலர்வதற்குள் படமெடுத்து, உலர்வதற்குள்ளேயே கழுவியும் முடிக்கவேண்டும். ஆகவே படமெடுப்பவர் தமது இருட்டறையையே ஒரு கூடாரமாகச் சுமைகூலிகளின் தலையில் ஏற்றிக்கொண்டு போக நேர்ந்தது. ஒளி பதிவதற்குப் பல விநாடிகள் பிடித்தமையால், பாறை பாறையாகவே விழ, தண்ணீர் மட்டும் வெண்பட்டு உலரவிட்டதுபோல் மழுங்கி விழுந்தது. அது அன்றைய குறை. இன்றைய இளைஞர்கள் கேமராவின் வில்லைக்கு முன் கறுப்புக் கண்ணாடியைப் பொருத்தி, முக்காலியில் நிறுத்தி, அதே பட்டை வேண்டுமென்றே வரவழைக்கிறார்கள் என்பதைக் கேட்டால் அந்தப் பழையவர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள்.

1904-ல் திருநெல்வேலியிலிருந்து தென்காசி, செங்கோட்டை வழியாகக் கொல்லத்துக்கு ரயில் ஓடத் தொடங்கியதும் குற்றாலச் சீசன் யாத்திரை சாமானியருக்கும் எட்டிற்று. ஆனால் சுரண்டையில் ரயில் இல்லை; எங்களில் பலருக்கு அருவியின் முதல் தரிசனம் ஸ்டூடியோவின் திரைச்சீலையில்தான் கிடைத்தது. என் பாட்டியின் படம் ஒன்று வீட்டில் இருக்கிறது. பின்னால் பேரருவி கொட்டுகிறது. சீலையைச் சுருட்டிச் சுருட்டி வைத்ததால் உண்டான மடிப்பு, தண்ணீரைக் குறுக்கே இரண்டாக வெட்டுகிறது. அவர் முன்னால் பிரம்பு நாற்காலியின் நுனியில், ஒரு துளியும் நனையாமல், மிகுந்த கம்பீரத்தோடு அமர்ந்திருக்கிறார்.

பேரருவிக்கு மேலே செண்பகாதேவிக்கும் தேனருவிக்கும் காட்டுவழியே ஏறிப்போகும் வழக்கம் வனத்துறையின் கட்டுப்பாட்டால் இப்போது சுருங்கிவிட்டது. அதற்குப் பதிலாகக் கேமராக்கள் சமவெளிக்கு இறங்கியிருக்கின்றன. சுரண்டைக்கும் தென்காசிக்கும் இடையிலுள்ள சுந்தரபாண்டியபுரத்தில் 2005-ல் வெளியான 'அந்நியன்' படத்துக்காக வர்ணம் தீட்டப்பெற்ற பாறைக் குன்று, அந்தப் படத்தின் பெயராலேயே அந்நியன் பாறை என்று வழங்குகிறது. அதில் ஏறுவது பெரிய சாதனை அல்லவென்றாலும், மேலே நின்றால் மலைத்தொடர் ஒருபுறமும் வயல்கள் மறுபுறமுமாக விரியும். ஆடி ஆவணியில் அவ்வயல்களில் சூரியகாந்தி பூக்கிறது. ஓணத்துக்காகச் சுரண்டைச் சந்தையின் காய்கறி லாரிகள் கேரளத்துக்குப் போகும் அதே சாலையில், எதிர்ப்புறமாக மலையாள நாட்டுக் கார்கள் வந்து குவிகின்றன. முற்றிய சூரியகாந்தி கிழக்கு நோக்கியே நிற்கும், மலையோ மேற்கே. ஆகவே வயலின் கீழ்க்கரையில் காலையில் நிற்பவனுக்குப் பூவும் முகம் காட்டும், மலையும் முகம் காட்டும், வெயில் இரண்டின்மேலும் விழும். இப்படியோர் அமைப்பை எந்தத் திரைச்சீலைக்காரரும் யோசித்திருக்க மாட்டார்.

சென்ற ஆவணியில் அந்த வரப்பில் ஓர் இளைஞர் முக்காலியை நிறுத்தி, பூவில் தேனீ வந்து உட்காரட்டும் என்று காத்துக்கொண்டிருந்தார். புல்லுக்கட்டோடு வந்த ஒரு கிழவி நின்று, அவரையும் பார்த்து, மேற்கையும் பார்த்தாள்.

"மேக்க மூடுது தம்பி, எடுக்கதுன்னா இப்பமே எடுத்துருங்க."

அவர் சிரித்துத் தலையசைத்துவிட்டுத் தேனீக்காகக் காத்திருந்தார். கால் மணி நேரத்தில் பூக்கள் மட்டும் நின்றன. மலை இருந்த இடத்தில் வெறும் வெண்மை.