ஸ்டெப்னி

ஊரப்பாக்கத்தில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்ட் கார் நிற்கிறது. அதை வாங்கியவர் என் மாமனார். அவருக்கு இப்போது வயது எண்பத்தாறு. வண்டிக்கும் அவருக்கும் அநேகமாக ஒரே விதமான உபாதைகள்தாம். இருவருக்கும் காலை வேளையில் கிளம்புவது சிரமம், கிளம்பிவிட்டால் நிற்கமாட்டார்கள்.

தை மாதத்தில் ஒரு நாள் அவர் சொன்னார்: "மாப்பிள்ளை, ஒரு தடவை மதுராந்தகம் போய் ஏரி காத்த ராமரைப் பார்த்துவிட்டு வரவேண்டும். நம் வண்டியிலேயே போகவேண்டும்."

"அதற்கென்ன மாமா, இந்த ஞாயிற்றுக்கிழமையே போனால் போயிற்று" என்றேன்.

"எப்படிப் போவது? ஸ்டெப்னி இல்லையே!"

உண்மைதான். நாற்பது வருஷத்துக்கு முன்னால், சிங்கப்பெருமாள் கோயிலுக்கு அருகில், மழை கொட்டிய ஓர் இரவில், பிள்ளைத்தாய்ச்சியோடு நடுத்தெருவில் நின்றுவிட்ட இன்னொரு ஹெரால்டுக்குத் தம்முடைய ஸ்டெப்னியைக் கழற்றிக் கொடுத்தவர் அவர். வாங்கிப் போன ஆசாமி திரும்பி வரவேயில்லை. அன்றிலிருந்து இந்த வண்டி ஊர் எல்லையைத் தாண்டியதில்லை.

ஸ்டெப்னி என்று சர்வசாதாரணமாகச் சொல்கிறோமே, அது எந்த ஊர்ச் சொல் என்று நாம் யோசிப்பதில்லை. அது ஒரு தெருவின் பெயர்! வேல்ஸ் நாட்டில் லனெல்லி என்று ஒரு பட்டணம். தகரத் தகடு செய்வதற்குப் பேர்போனது. அங்கே ஸ்டெப்னி தெரு இருக்கிறது. தாமஸ் மாரிஸ் டேவிஸ், வால்டர் டேவிஸ் என்ற இரு சகோதரர்கள் 1904-ம் ஆண்டில் ஒரு மாற்றுச் சக்கரத்தை உண்டாக்கி, அதற்கு அந்தத் தெருவின் பெயரையே சூட்டினார்கள்.

அக்காலத்துக் கார்களில் மாற்றுச் சக்கரம் என்பதே கிடையாது. மரக் கால்கள் வைத்த சக்கரம் அச்சோடு நிலையாகப் பொருத்தப்பட்டிருக்கும். சாலையெங்கும் குதிரை லாடத்து ஆணிகள். ஆணி ஏறிவிட்டால், நடுரோட்டிலேயே உட்கார்ந்து, டயரை நெம்பிக் கழற்றி, டியூபுக்கு ஒட்டுப் போட்டு, கையால் காற்றடிக்கவேண்டும். டேவிஸ் சகோதரர்கள் செய்த சக்கரத்துக்கு ஆரக் கால்களே இல்லை. காற்றடித்த டயரோடு வெறும் வளையம். பழுதான சக்கரத்தைக் கழற்றாமல், அதன் பக்கத்திலேயே இந்த வளையத்தை வைத்துத் திருகி முடுக்கிவிட்டு வண்டியை ஓட்டவேண்டியதுதான். வீடு போய்ச் சேரும்வரை தாங்கும். பின்னாளில் கழற்றி மாட்டக்கூடிய சக்கரங்கள் வந்தன. அந்த வளையம் மறைந்தது. ஆனால் பெயர் மட்டும் நம்மிடம் தங்கிவிட்டது. பிரேசில் நாட்டிலும் மாற்றுச் சக்கரத்துக்கு இதே பெயர்தான், கொஞ்சம் உருமாறி வழங்குகிறது.

ஹெரால்டின் கதையும் எங்கள் வட்டாரத்துக் கதைதான். ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1948-ல் சென்னையில் தொடங்கியது. அதன் தொழிற்சாலை வண்டலூரில், எங்களுக்கு அடுத்த ஊரில் இருந்தது. ஹெரால்ட் 1961-ல் வந்தது. இத்தாலியரான மிக்கெலோட்டி உருவம் வகுத்தது. பானெட்டைத் தூக்கினால் முன்பக்கம் முழுவதுமே முதலை வாயைப் போலத் திறந்துகொள்ளும். இங்கிலாந்தில் அதற்கு இரண்டே கதவுகள். நான்கு கதவு வைத்த ஹெரால்ட் நம் நாட்டில் மட்டுமே பிறந்தது. 1980-களின் இறுதியில் அங்கே கார் உற்பத்தி நின்றுபோயிற்று. இனி உதிரி பாகத்துக்கு எங்கே போவது?

புதுப்பேட்டையில் இரண்டு நாள் அலைந்தேன். "ஹெரால்டா? அதெல்லாம் எப்பவோ உருக்கிட்டாங்க சார்" என்றார்கள். ஒருவர், புதுக் கார்களில் வரும் ஒல்லியான ஸ்டெப்னி ஒன்றைக் காட்டினார். மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடாது என்று அதன் மீதே எழுதியிருந்தது. நான்கு துளைகள், ஹெரால்டுக்கும் நான்கு. மகிழ்ந்துபோய் விலை பேசிவிட்டேன்.

கூடுவாஞ்சேரியில் எனக்குத் தெரிந்த முதிய மெக்கானிக் பாய், எதிரெதிராக உள்ள இரண்டு துளைகளின் நடுவே அளவு நாடாவை வைத்துப் பார்த்தார். இதில் 100 மில்லிமீட்டர். ஹெரால்டில் மூன்றே முக்கால் அங்குலம். அதாவது 95 மில்லிமீட்டரும் சொச்சமும்.

"ஐந்து மில்லிமீட்டர்கூட வித்தியாசம் இல்லையே, பாய்! கொஞ்சம் ராவிவிட்டால் போகாதா?"

"போகும் சார். அப்புறம் சக்கரமும் தனியாப் போகும். நட்டு சரியா உட்காராட்டா ஓட ஓட லூஸ் ஆயிடும். உள்ளே உட்காரப்போறது பெரியவர்."

நான் வாயை மூடிக்கொண்டேன்.

பத்து நாள் கழித்து அவரே கூப்பிட்டனுப்பினார். பஸ் நிறுத்தத்தில் ஒரு கரும்புச்சாறுக் கடை. அங்கே குடைக்கம்பத்துக்குப் பாதமாகக் கிடந்தது ஒரு இரும்புச் சக்கரம். அளந்தார், மூன்றே முக்கால் அங்குலம்! கடைக்காரருக்குப் புதிய குடையும் சிமெண்டுப் பாதமும் வாங்கிக் கொடுத்து மீட்டோம். சக்கரத்தைச் சுழற்றி, கோணல் இல்லை என்று பார்த்து, துருவைச் சுரண்டி வர்ணம் பூசினார் பாய். 13 அங்குலச் சக்கரமாகையால், இன்றைய சிறிய கார் ஒன்றின் டயரே அதற்குப் பொருந்தியது. உள்ளே ஒரு டியூபையும் வைத்தார்.

வேடிக்கை என்னவென்றால், அதன் விளிம்பின் அகலம் மூன்றரை அங்குலம். நான் வாங்க இருந்த ஒல்லி ஸ்டெப்னிக்கு நான்கு. நாம் இன்று தற்காலிகம் என்று சொல்வதைவிட மெலிந்த சக்கரங்களில்தான் ஒரு தலைமுறையே குடும்பத்தோடு ஊர் ஊராகப் போய் வந்திருக்கிறது!

இப்போது ஸ்டெப்னியே இல்லாமல் கார்கள் வருகின்றன. டியூப் இல்லாத டயரும், காற்று குறைவதைக் காட்டும் கருவியும், ஒட்டுப் போடும் சாதனமும் இருந்தால் போதும் என்று 2020-ல் மத்திய அரசு விதியைத் திருத்திவிட்டது. லனெல்லி சகோதரர்களின் யுகம் முடிகிறது போலும்.

மதுராந்தகம் போய் வந்தோம். ஸ்டெப்னிக்கு வேலை வரவில்லை. திரும்பும்போது சிங்கப்பெருமாள் கோயில் அருகே மாமனார் வண்டியை நிறுத்தச் சொன்னார். இறங்கிப் பின்னால் போய், டிக்கியைத் திறந்து, சக்கரத்தை ஒரு முறை தடவிப் பார்த்தார்.

"அந்தக் குழந்தைக்கு இப்போது நாற்பது வயது இருக்கும், மாப்பிள்ளை" என்றார்.

திரும்பி வராத சக்கரத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.