பல்ஸ் ஆக்சிமீட்டர்

தமனி இரத்தத்தின் ஹீமோகுளோபினில் எத்தனை விழுக்காடு ஆக்சிஜன் ஏறியிருக்கிறது என்பதை, ஊசி குத்தாமல், விரல் நுனியிலோ காது மடலிலோ ஒளி பாய்ச்சி அளக்கும் கருவி. கடல்மட்ட உயரத்தில் வாழும் நலமுள்ளவருக்குப் பொதுவாக 95க்கு மேல் காட்டும். ஆக்சிஜன் குறைவதை உடல் எப்போதும் உணர்த்திவிடுவதில்லை. மூச்சின் வேகத்தை மூளைத்தண்டு பெரிதும் கார்பன் டை ஆக்சைடைக் கொண்டே கட்டுப்படுத்துகிறது. கழுத்திலுள்ள கரோட்டிட் முடிச்சுகள், ஆக்சிஜன் வெகுவாக இறங்கிய பிறகே வலுவாகத் தூண்டும். ஆகவே ஆக்சிஜன் குறைந்தும் மூச்சுத்திணறல் தெரியாதிருப்பதுண்டு. உதடு நீலம்பாரிப்பதைக் கண்ணால் பார்த்து முடிவுசெய்வதும் நம்பத்தக்கதல்ல என்று காம்ரோவும் பொட்டெல்ஹோவும் 1947இல் காட்டினர்.

காதில் ஒளி செலுத்தி அளக்கும் முயற்சியை 1935இல் ஜெர்மனியின் கார்ல் மாத்தெஸ் தொடங்கினார். இரண்டாம் உலகப்போரின்போது விமானிகளுக்காக கிளென் மில்லிகன் அதை மேம்படுத்தினார். தோலும் தசையும் சிரை இரத்தமும் ஒளியை உறிஞ்சுவது தீராத சிக்கலாகவே நீடித்தது.

அதற்கு வழி கண்டவர் ஜப்பானின் நிஹான் கோடன் நிறுவனப் பொறியாளர் தகுவோ அவோயாகி. அவர் தேடியது ஆக்சிஜனை அல்ல. இரத்தத்தில் சாயம் செலுத்தி, அது நீர்த்துப்போவதைக் காதில் பார்த்து, இதயம் வெளியேற்றும் இரத்த அளவைக் கணக்கிட முயன்றார். நாடித்துடிப்பு அந்த வரைகோட்டை அலையலையாகக் குலைத்தது. சாயம் உறிஞ்சாத அகச்சிவப்பு ஒளி ஒன்றைச் சேர்த்து அலைகளை நீக்கினார். ஆனால் ஆக்சிஜன் செறிவு மாறியதும் அலைகள் திரும்பி வந்தன. துடிப்பது தமனி இரத்தம் மட்டுமே. எனவே துடிக்கும் பகுதியை மட்டும் இரு ஒளிகளில் ஒப்பிட்டால் தோல், தசை, சிரை ஆகிய அனைத்தும் கணக்கிலிருந்து கழன்றுவிடும் என்று உணர்ந்தார். களைய நினைத்த அலையே அளவுகோலானது. 1974 மார்ச்சில் காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டது. மறுமாதமே மினோல்ட்டா நிறுவனத்தின் அகியோ யமானிஷியும் இதையொத்த கருத்துக்கு விண்ணப்பித்தார். அவர் தனித்தே கண்டடைந்தார் என்பது அந்நிறுவனத்தின் தரப்பு. முதன்மை அவோயாகிக்கே என்பது பரவலான கருத்து.

1980களில் ஒளி உமிழ் டையோடுகளுடன் அமெரிக்க நிறுவனங்கள் இதை அறுவை அரங்குகளுக்குக் கொண்டுசென்றன. 2008இல் உலக சுகாதார நிறுவனத்தின் அறுவைப் பாதுகாப்புப் பட்டியலில் இடம்பெற்றது. அவோயாகி 2020 ஏப்ரலில், கொரோனாவால் இக்கருவி வீடுகளுக்குள் நுழைந்துகொண்டிருந்த நாள்களில், காலமானார். கருந்தோலினரிடம் இது உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும் என்ற அமெரிக்க ஆய்வு அதே ஆண்டு வெளியாயிற்று.

நகப்பூச்சும் குளிர்ந்த விரலும் அளவைப் பிறழச் செய்யலாம். கார்பன் மோனாக்சைடு நச்சேறியவருக்கும் இயல்பான எண்ணே தெரியக்கூடும் என்பதால், அவர்களுக்கு இரத்தம் எடுத்துச் சோதிப்பதே முறை.