அருங்காட்சியக அணுகல்: புதுக்கோட்டை மாவட்டம்

அருங்காட்சியக அணுகல் என்பது, மாற்றுத்திறனாளிகளும் முதியோரும் எழுத்தறிவு குறைந்தோரும் உட்பட எவரும் ஓர் அருங்காட்சியகத்துக்கு வந்துசேரவும், உள்ளே நடமாடவும், அங்குள்ள பொருளை அறிந்து மகிழவும் வழி செய்வது. வாசலில் ஒரு சாய்தளம் கட்டினால் வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். சாய்தளம் வாசல் வரைதான் கொண்டுபோய்ச் சேர்க்கும். உள்ளே போனவருக்குக் கண்ணாடிப் பேழைக்கு அப்பால் இருப்பது என்னவென்று தெரியாவிட்டால், அவர் இன்னும் வெளியேதான் நிற்கிறார்.

கல்லும் கல்வெட்டும் குகையும் செறிந்த புதுக்கோட்டை மாவட்டம் இந்தப் பொருளைப் பேச ஏற்ற இடம். பழைய புதுக்கோட்டை சமஸ்தானத்தில் 1910இல் தொடங்கப்பட்ட அருங்காட்சியகம் திருக்கோகர்ணத்தில் இருக்கிறது. 1948 மார்ச்சில் சமஸ்தானம் சென்னை மாகாணத்தோடு இணைந்தபின் அது அரசு அருங்காட்சியகமாயிற்று. சிற்பம், செப்புத் திருமேனி, காசு, படைக்கலம், பாடம் செய்த விலங்கு, பாறை வகை எனப் பல பிரிவுகள் கொண்ட இது, தமிழ்நாட்டின் பெரிய அருங்காட்சியகங்களில் ஒன்று.

சட்டம்

ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை இந்தியா 2007இல் ஏற்றது. அதன் 30ஆவது உறுப்பு பண்பாட்டு வாழ்வில் பங்கேற்பதை உரிமையாகச் சொல்கிறது. இதைத் தழுவி வந்த 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. அதன் 45ஆவது பிரிவு, ஏற்கெனவே உள்ள பொதுக் கட்டடங்களை ஐந்தாண்டுக்குள் தடையற்றவையாக மாற்றச் சொன்னது. விதிகள் 2017 ஜூனில் வந்ததால் அந்தக் கெடு 2022இல் முடிந்துவிட்டது. 29ஆவது பிரிவு அதிகம் பேசப்படாதது. கலையை எல்லோரும் அணுகும்படி செய்யச் சொல்வதோடு, மாற்றுத்திறனாளிகளின் வரலாற்றைச் சொல்லும் ஓர் அருங்காட்சியகத்தை அமைக்கவும் அது சொல்கிறது.

2024 நவம்பர் 8 அன்று ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், அணுகல் தரங்களை வெறும் பரிந்துரையாக விட்டிருந்த விதி சட்டத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. கட்டாயம் கடைப்பிடிக்க வேண்டிய தரங்களை மூன்று மாதத்துக்குள் வகுக்கும்படி ஒன்றிய அரசுக்கு உத்தரவிட்டது. அருங்காட்சியகங்களின் உலக மன்றமான ஐகாம் 2022 ஆகஸ்டில் பிராக் நகரில் ஏற்ற புதிய வரையறையிலும், எவரும் அணுகக்கூடியதாகவும் அனைவரையும் உள்ளடக்கியதாகவும் இருப்பது அருங்காட்சியகத்தின் இலக்கணமாகவே இடம்பெற்றது.

தொடுதல்

'தொடாதீர்கள்' என்ற பலகை இல்லாத அருங்காட்சியகம் அரிது. அதற்குக் காரணம் உண்டு. கை வியர்வையிலுள்ள உப்பு செம்பையும் வெண்கலத்தையும் அரிக்கும். ஓவியம் ஒரு விரல் பட்டாலே கெட்டுவிடும். ஆனால் விரலால்தான் பார்க்கிறவருக்கு அந்தப் பலகை கதவடைப்புதான். இத்தாலியின் அங்கோனா நகரில் பார்வையற்ற தம்பதியர் முனைந்து 1993இல் உருவான ஓமெரோ அருங்காட்சியகமும், ஸ்பெயினின் மாட்ரிட் நகரில் 1992இல் திறந்த பார்வையற்றோர் அமைப்பின் அருங்காட்சியகமும் தொட்டுப் பார்ப்பதையே முறையாக்கின. டெல்லி தேசிய அருங்காட்சியகத்தின் 'அனுபவ்' கூடத்தில் 22 படைப்புகளின் நகல்கள் தொட்டுணர வைக்கப்பட்டன; கூடவே பிரெய்ல் குறிப்பும் ஒலி வழிகாட்டியும் உண்டு.

புதுக்கோட்டைக்கு இதற்கான கைப்பழக்கம் புதிதல்ல. சமஸ்தானக் கல்வெட்டுகளின் பாடங்கள் 1929இல் நூலாக வந்தபோது, அதில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் இருந்தன. கல்வெட்டைப் படியெடுப்பவர் முதலில் கல்லைக் கழுவுவார். நனைத்த தாளை அதன்மேல் ஒட்டி, கெட்டி முடித் தூரிகையால் அடித்துக்கொண்டே போவார். ஒவ்வொரு அடியிலும் தாள் எழுத்தின் பள்ளத்துக்குள் இறங்கும். அதன் பிறகுதான் மை ஒற்றுவது: மேடு கறுக்கும், எழுத்து வெள்ளையாக நிற்கும். மை ஒற்றுமுன் அந்தத் தாளைத் தடவிப் பாருங்கள். வட்டெழுத்தோ கிரந்தமோ, கண்ணுக்கு எட்டுமுன்பே விரலுக்கு எட்டிவிடுகிறது. காய்ந்த பிறகும் பள்ளம் மறையாது. அந்தத் தாளைக் கெட்டி அட்டையில் பதித்து, பக்கத்தில் அதன் பொருளைத் தமிழ்ப் பிரெய்லில் வைத்தால், குடுமியான்மலையில் ஏழு பகுதிகளாகப் பாறையில் வெட்டிய இசைக் கல்வெட்டை ஒரு பார்வையற்ற பாடகர் தன் விரலால் வரிவரியாகத் தொடரலாம். பிரெய்லில் உள்ளதற்கு மேல் விளக்க உடன் ஓர் ஆள் வேண்டியிருக்கலாம். ஆனால் அந்த எழுத்தை அவரே தொட்டறிவார்.

காசும் அப்படியே. சமஸ்தானத்தை ஆண்ட தொண்டைமான்கள் வெளியிட்ட அம்மன் காசு விரல்நுனியில் நிற்கும் சிறு செம்பு. ஒரு பக்கம் அம்மன் பிரகதம்பாள், மறுபக்கம் தெலுங்கில் 'விஜய'. நவராத்திரியில் மக்களுக்கு அரிசியோடு கொடுக்கப்பட்ட காசு இது. இதைப் பேழைக்குள் வைத்தால், கூர்மையான கண் உள்ளவருக்கே அம்மன் தெரிவது கடினம். ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்குப் பெருக்கி மரத்திலோ ஃபைபரிலோ செய்த நகல், பார்வையற்றவர் ஒருவருக்கு மட்டுமல்ல, கண்ணாடியை மறந்து வந்த தாத்தாவுக்கும் கூட வந்த பேரனுக்கும் அம்மனைக் காட்டிவிடும். அணுகல் வசதிகள் பெரும்பாலும் இப்படித்தான், ஒருவருக்கென்று செய்தது பலருக்கு ஆகும்.

சித்தன்னவாசல்

மலைச்சின்னங்களில் கணக்கு கடினமாகிறது. இந்தியத் தொல்லியல் துறையின் காப்பில் உள்ள சித்தன்னவாசலில் இரண்டு இடங்கள் உண்டு. பதினேழு கற்படுக்கைகளும் தமிழ்ப் பிராமி எழுத்தும் உள்ள ஏழடிப்பட்டம், பாறையில் ஏறி எட்ட வேண்டியது. அங்கே சாய்தளம் கட்டினால் மலையே புண்படும். கட்டக் கூடாது என்பதுதான் சரி. ஆனால் ஏற முடியாதவர் அடிவாரத்தில் வெறுமனே காத்திருக்க வேண்டியதில்லை. கற்படுக்கையின் உண்மை அளவு நகலும், மலையின் சிறு மாதிரியும், தாளில் எடுத்த கல்வெட்டுப் படியும் கீழே இருந்தால் அவருக்கும் ஏழடிப்பட்டம் உண்டு.

இரண்டாவது இடமான அறிவர் கோயில் என்னும் குடைவரை வேறு. அங்கே புகழ்பெற்றது விதான ஓவியம்: தாமரைக் குளம், மீன், யானை, பறவை, பூப்பறிக்கும் ஆடவர். அண்ணாந்து பார்த்தால்தான் தெரியும். கழுத்து வலியுள்ளவரும் சக்கர நாற்காலியில் இருப்பவரும் அதைப் பாதிதான் பார்ப்பார்கள். மடியில் வைத்துப் பார்க்கும்படியான ஓர் அச்சுப்படம், கோடுகளை மேடாக்கிய ஒரு பலகை, இவ்வளவு போதும். இன்னொன்று பலருக்குத் தெரியாமலே போகிறது. கருவறையின் நடுவே நின்று வாயை மூடி, அடித்தொண்டையில் 'ம்' என்று மெல்ல ரீங்கரித்தால் அறை முழுவதும் அதை ஏற்றுத் திருப்பித் தரும். நெஞ்சுக்கூடு அதிரும். கண் தெரியாதவர் அந்தக் குகையின் அளவைக் காதால் அறியலாம். காது கேளாதவர் அதிர்வை உடம்பால் உணரலாம். ஓவியத்துக்காக மட்டும் போய்வருகிறவர்களைவிட அவர்கள் அந்தக் குடைவரையைக் கூடுதலாக அறிந்து திரும்புவார்கள் என்றே நான் நினைக்கிறேன்.

சிறு ஏற்பாடுகள்

சாய்தளத்தில் ஓர் அடி உயர்வுக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும் என்பது பொது விதி. அதைவிடச் செங்குத்தாகக் கட்டியது பெயருக்குத்தான் உதவும்; நாற்காலி சறுக்கும். விளக்கப் பலகை உட்கார்ந்திருப்பவரின் கண்ணுக்கு நேராக, பெரிய எழுத்தில், கண்ணாடியில் விளக்கொளி தெறிக்காத இடத்தில் இருக்க வேண்டும். நடுவழியில் பெஞ்சும், நாற்காலி நுழையும் கழிப்பறையும் வேண்டும். சைகை மொழிக் காணொளியைக் கைப்பேசியில் பார்க்கும்படி ஒரு கியூஆர் குறியீட்டை ஒட்டுவதற்குச் செலவு மிகக் குறைவு. இரைச்சல் தாங்காத பிள்ளைகளுக்காக வாரத்தில் ஒரு காலைப்பொழுதை அமைதி நேரமாக ஒதுக்கச் செலவே இல்லை.

ஊர் மக்கள்

1991இல் இந்த மாவட்டத்தில் எழுந்த அறிவொளி என்னும் எழுத்தறிவு இயக்கம் கல்குவாரியில் கல் உடைத்த பெண்களின் கையில் பலகையையும் சைக்கிளையும் கொடுத்தது. அப்படி எழுத்துக் கூட்டிப் படித்த ஒருவர் 'முற்காலச் சோழர், கருங்கல், கி.பி. 9ஆம் நூற்றாண்டு' என்ற பலகைக்கு முன் நின்றால், அது அவரிடம் ஒன்றும் சொல்வதில்லை. இந்தக் கல் எந்த ஊர், உளி எங்கே வழுக்கியது, மூக்கு ஏன் உடைந்தது என்று பேசினால் அவர் நின்று கேட்பார். தன் தொழிலைப் பற்றி நமக்கும் சொல்வார். இதே மாவட்டத்தின் பொற்பனைக்கோட்டையில் 2023இல் மாநிலத் தொல்லியல் துறை அகழாய்வைத் தொடங்கியது. இத்தகைய குழிகளில் மண் அள்ளுவோர் பெரும்பாலும் பக்கத்து ஊர்க்காரர்கள். பானை ஓட்டை முதலில் தொடுவது அவர்கள் கை; அவர்களிடமும் சொல்லக் கதை இருக்கும்.

அருங்காட்சியகமே ஊருக்குப் போகலாம். மும்பையில் உள்ள ஓர் அருங்காட்சியகம் 2015 முதல் ஒரு பேருந்தில் காட்சிப்பொருள்களை ஏற்றிக்கொண்டு பள்ளிகளுக்கும் கிராமங்களுக்கும் செல்கிறது. இந்த மாவட்டத்தின் விராலிமலைக்கோ அறந்தாங்கிக்கோ அப்படி ஒரு வண்டி வந்தால், படிக்கட்டு உயரமான டவுன்பஸ் ஏறித் திருக்கோகர்ணம் வர முடியாதவர்கள் அன்று வீட்டு வாசலிலேயே பெரிய அம்மன் காசைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்ப்பார்கள்.