மனவரைபடம்: ஒரு மரத்தின் கதை

க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்குத் தயாராகிக்கொண்டிருந்த உறவுக்காரப் பெண்பிள்ளை ஒருத்தி, சில மாதங்களுக்கு முன்னர் தனது வரலாற்றுப் பாடக் கொப்பியை எனக்குக் காட்டினாள். உள்ளே வண்ணத் தாள்கள் பல செருகப்பட்டிருந்தன. ஒவ்வொரு தாளின் நடுவிலும் ஒரு தலைப்பு, அதிலிருந்து நாலாபுறமும் விரியும் பல நிறக் கிளைகள், கிளைகளின் நுனியில் மன்னர்களும் ஆண்டுகளும். மனவரைபடம் என்றாள். தனியார் வகுப்பில் அச்சிட்டுக் கொடுத்தார்களாம். ஒரு தாளை மறைத்து வைத்துக்கொண்டு அதில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். தலைப்பைச் சொன்னாள். ஒரு கிளையைச் சொன்னாள். பிறகு, "மாமா, கலர் மட்டுந்தான் ஞாபகம் இருக்கு" என்று சிரித்தாள்.

பிள்ளையிடம் குற்றமில்லை. கற்றலுக்கென உருவான ஒரு கருவி அவளிடம் வந்து சேர்வதற்குள் தனது பாதியை இழந்துவிட்டது. எந்தப் பாதி என்பதை அறிய அதன் வரலாற்றைச் சற்றுப் பின்னோக்கிப் பார்க்க வேண்டும்.

மனவரைபடம் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருபவர் ரொனி புஸான். 1942இல் இலண்டனில் பிறந்து, கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றவர். 1974இல் பி.பி.சி. தொலைக்காட்சியில் அவர் நடத்திய தொடரும், அதே பெயரில் வெளியான நூலும் இந்த முறையைப் பரவலாக அறிமுகம் செய்தன. தாளைக் குறுக்காக வைத்துக்கொள், நடுவில் ஒரு படத்தை வரை, அதிலிருந்து வளைந்த கிளைகளை இழு, கிளைக்கு ஒரு சொல் மட்டுமே எழுது, நிறங்களைப் பயன்படுத்து. அவர் வகுத்த விதிகளின் சுருக்கம் இதுதான். 2019 ஏப்ரலில் அவர் காலமானபோது, வகுப்பறைகள் முதல் வணிக நிறுவனங்களின் கூட்ட அறைகள் வரை இந்தக் கிளைகள் படர்ந்திருந்தன.

பெயரைப் பரப்பியவர் புஸான். ஆனால், விதை மிகப் பழையது.

இன்றைய லெபனானில் உள்ள தீர் நகரைச் சேர்ந்த போர்பிரி என்ற தத்துவ அறிஞர், கி.பி. 3ஆம் நூற்றாண்டில் அரிஸ்டோட்டிலின் தருக்கத்துக்கு ஒரு சிறு அறிமுக நூலை எழுதினார். உள்பொருளை உடலுள்ளது, உடலற்றது என்று பிரிக்கலாம். உடலுள்ளதை உயிருள்ளது, உயிரற்றது என்று பிரிக்கலாம். இப்படியே இறங்கினால் மனிதனை வந்தடையலாம். உயர்திணை, அஃறிணை என்று பிரித்துப் பழகிய நமக்கு இந்த வழி அந்நியமானதன்று. போர்பிரி இதைச் சொற்களால்தான் விளக்கினார். 6ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போயேதியஸ் அதனை இலத்தீனுக்குக் கொண்டுவந்தார். இடைக்கால ஐரோப்பாவில் தருக்கம் கற்றவர்களுக்கு அதுவே அரிச்சுவடியாயிற்று. அக்காலத்து ஏடுகளில் இந்தப் பகுப்பு படமாகவும் வரையப்பட்டது. 'போர்பிரியின் மரம்' என்ற பெயர் இவ்வாறு நிலைத்தது.

அந்த மரத்தைத் தோப்பாக்கியவர் மயோர்க்காத் தீவைச் சேர்ந்த ரமோன் லுல். 1295, 1296ஆம் ஆண்டுகளில் உரோமாபுரியில் அவர் எழுதிய 'அறிவின் மரம்' என்ற நூலில் 16 மரங்கள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் வேர், அடிமரம், கிளை, சிறுகிளை, இலை, பூ, கனி என்ற உறுப்புகள் உண்டு. நூலின் தொடக்கத்தில் லுல் ஒரு மரத்தடியில் மனமுடைந்து அமர்ந்திருக்கிறார். அவ்வழியே வரும் துறவி ஒருவர், உமது பழைய நூல்கள் விளங்கவில்லை, எளிதாக விளங்கும்படி ஒன்று எழுதும் என்று வேண்டுகிறார். அருகில் நின்ற எலுமிச்சை மரமே விடையாக அமைகிறது. சொல்லிப் புரியாததைக் காட்டிப் புரியவைக்க முயலும் ஆசிரியரின் பழைய தவிப்புத்தான் இது.

அச்சியந்திரம் வந்த பின்னர் கதை திரும்புகிறது. 16ஆம் நூற்றாண்டில் பாரிஸில் கற்பித்த பீற்றர் ராமுஸ், எந்தப் பாடத்தையும் இரண்டிரண்டாகப் பிளந்து அடைப்புக்குறி அட்டவணைகளில் அடக்கும் முறையைப் பரப்பினார். புரட்டஸ்தாந்தரான அவர் 1572 ஓகஸ்ட்டில் புனித பர்த்தலோமேயு படுகொலையின்போது கொல்லப்பட்டார். ஆனால், அவரது அட்டவணைகள் அழியவில்லை. அச்சுநூல்களில் ஏறி ஐரோப்பா எங்கும் பரவின. ராமுஸைப் பற்றி 1958இல் விரிவாக எழுதிய அமெரிக்க அறிஞர் வோல்ட்டர் ஒங், இந்த மாற்றத்தில் உரையாடல் தேய்ந்ததைக் கண்டார். ஆசிரியரும் மாணாக்கரும் பேசிப் பேசி அடைந்த அறிவு, பக்கத்தில் பார்த்துக்கொள்ளும் பொருளாகிவிட்டது. நமது பிள்ளையின் வண்ணத் தாளுக்கு இங்கேயே ஒரு மூதாதை இருக்கிறது.

இதற்கு நேரெதிரான படம் ஒன்றும் உண்டு. 1837இல், 28 வயதான சார்ள்ஸ் டார்வின் தனது குறிப்பேடொன்றின் 36ஆம் பக்கத்தில் ஒரு சிறு மரத்தைக் கிறுக்கினார். கோணலான கோடுகள்; நிறமில்லை; அழகில்லை. மேலே, தாம் நினைப்பதாக இரண்டு சொற்கள் மட்டும். உயிரினங்கள் ஒரே மூலத்திலிருந்து கிளைத்தனவோ என்ற எண்ணத்தை அவர் அங்கே தமக்குத் தாமே சொல்லிப்பார்த்தார். 22 ஆண்டுகளின் பின்னர், 1859இல் வெளியான அவரது பெருநூலில் இடம்பெற்ற ஒரேயொரு படமும் கிளைவிடும் வரைபடமே. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்திலிருந்த அந்தக் குறிப்பேடு காணாமற்போய், திருடப்பட்டிருக்கலாம் என்று 2020இல் அறிவிக்கப்பட்டது. 2022 மார்ச்சில் யாரோ அதனை இளஞ்சிவப்பு நிறப் பரிசுப் பை ஒன்றில் இட்டு நூலகத்தில் வைத்துவிட்டுப் போனார்கள். அந்தக் கோணல் கோடுகளை இன்று உலகம் பொக்கிஷமாகக் கருதுகிறது. வரைந்த நாளில் அவை டார்வினுக்கு மட்டுமே பயன்பட்டன.

இருபதாம் நூற்றாண்டில் இந்த முறையைக் கல்வி ஆராய்ச்சியுடன் இணைத்தவர் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோசப் நோவாக். சிறுவர்கள் விஞ்ஞானத்தை எவ்வாறு விளங்கிக்கொள்கிறார்கள் என்று நேர்கண்டு சேர்த்த குவியல் குவியலான பதிவுகளை ஒழுங்குபடுத்தவே, 1972இல் அவரது குழு 'கருத்து வரைபடத்தை' உருவாக்கியது. இதில் கோடுகளின் மேலும் சொற்கள் உண்டு. 'மழை' என்பதையும் 'ஆவி' என்பதையும் ஒரு கோட்டால் இணைத்தால் போதாது. எப்படி இணைகின்றன என்று எழுத வேண்டும். விளங்காதவன் அந்த இடத்தில் தடுமாறுவான்.

பயன் உண்டா? 2002இல் இலண்டனில் 50 மருத்துவ மாணவர்களிடம் நடத்திய ஆய்வில், ஒரு வாரத்தின் பின்னரான நினைவில் மனவரைபடக் குழு முன்னின்றது. ஆனால், அக்குழுவினரின் ஊக்கம் குறைவாக இருந்தது. புஸான் முன்வைத்த இடமூளை, வலமூளை விளக்கமோ இன்று நிலைக்கவில்லை. சொல் ஒரு பக்கம், நிறம் மறு பக்கம் என்று மூளை பாகப்பிரிவினை செய்துகொள்வதில்லை.

2011இல் 'சயன்ஸ்' இதழில் ஜெஃப்ரி கார்ப்பிக்கியும் ஜனெல் பிளன்ட்டும் வெளியிட்ட ஆய்வே என்னை அதிகம் சிந்திக்க வைத்தது. ஒரு விஞ்ஞானப் பகுதியை மாணவர்களிடம் கொடுத்தார்கள். ஒரு குழு, பகுதியைப் பார்த்துக்கொண்டே கருத்து வரைபடம் வரைந்தது. இன்னொரு குழு, படித்தபின் தாளை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதியது. ஒரு வாரத்தின் பின்னர், மூடிவிட்டு எழுதியவர்களே முன்னின்றார்கள். அதே ஆய்வாளர்கள் 2014இல் இன்னொன்றைக் காட்டினார்கள். பகுதியைப் பார்க்காமல், நினைவிலிருந்தே வரைபடம் வரைந்தால் அதுவும் நினைவிலிருந்து எழுதுவதற்கு நிகரான பயனைத் தருகிறது.

ஆகவே, வரைபடத்தின் மீது பழியில்லை. லுல்லின் தோப்பும் டார்வினின் கிறுக்கலும் வரைந்தவர்களின் தலைக்குள்ளிருந்து வந்தவை. பிறர் வரைந்து அச்சிட்ட தாளில் முடிவு இருக்கிறது; அந்த முடிவுக்கு வந்த உழைப்பு இல்லை. பிள்ளையிடம் வந்து சேராத பாதி அதுவே.

அன்று மாலை அவளிடம் ஒரு வெற்றுத் தாளையும் பென்சிலையும் கொடுத்தேன். கொப்பியை மூடச் சொன்னேன். இருபது நிமிடங்களில் ஆறு கிளைகள் வந்தன. இரண்டு பிழை. ஒரு மன்னரை அவரது தந்தைக்கு முன்னர் ஆளவைத்திருந்தாள். கொப்பியைத் திறந்து ஒப்பிட்டுப் பார்த்தபோது, "ஐயோ, இதை நான் விட்டிட்டன்" என்று தானாகவே திருத்தினாள். அழகற்ற தாள்தான். ஆனால், அடுத்த வாரம் கேட்டபோது அந்தத் தந்தையையும் மகனையும் அவள் மாற்றிச் சொல்லவில்லை.