பெரிய முட்டை பிறந்த கதை

1948. போர் முடிந்து மூன்றே வருடம். ஜப்பான் முழுக்க அமெரிக்கச் சிப்பாய்கள். அவர்களைச் சிரிக்க வைத்து வயிறு வளர்த்த கலைஞர்களில் இகாரி சகோதரர்களும் உண்டு. ஒருநாள் தங்கள் உடன்பிறந்தவள் சதாகோவையும் மேடையேற்றிவிட்டார்கள். எதிராளியின் தொடையில் கட்டிய கார்ட்டர் பட்டையை உருவினால் வெற்றி. ஜப்பானில் பெண்கள் மல்யுத்தம் தொடங்கியது இப்படித்தான், ஒரு கேலிக்கூத்தாக. யாரும் அதை விளையாட்டு என்று மதிக்கவில்லை, கடல் கடந்து ஒருத்தி வரும்வரை.

அவர் பெயர் மில்ட்ரெட் பர்க், அமெரிக்காவின் உலக சாம்பியன். 1954 நவம்பரில் தன் குழுவோடு டோக்கியோவில் வந்து இறங்கினார். அந்த வருடம்தான் மல்யுத்த நட்சத்திரம் ரிக்கிடோசான், வெள்ளைக்கார மல்லர்களைப் புரட்டியெடுப்பதைத் தெருமுனைத் தொலைக்காட்சியில் பார்த்து நாடே கிறங்கிக் கிடந்தது. சுமோ மேடையில் பெண்கள் கால் வைக்கவே கூடாது என்பது சம்பிரதாயம். அந்த சுமோவின் சொந்த அரங்கான குராமே கொகுகிகானில் ரிங் அமைத்துப் பெண்கள் மோதினார்கள். மழைக்கால ஈசல் போலப் புதுக் குழுக்கள் கிளம்பின. ஈசல் போலவே உதிர்ந்தும் போயின.

1968-ல் மட்சுனாகா சகோதரர்கள் ஆல் ஜப்பான் விமன்ஸ் நிறுவனத்தை ஆரம்பித்தார்கள். பஸ்ஸில் பெண்களை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போகும் பிழைப்பு. அரங்க வாசலில் சூடான இரும்புத் தகட்டில் யாகிசோபா நூடுல்ஸைப் புரட்டிப் புரட்டி விற்றது வேறு யாருமல்ல, முதலாளிதான்! பெண்களுக்குச் சட்டம் கடுமை. மது கூடாது, புகை கூடாது, காதல் கூடாது. 25 வயதானால் மூட்டையைக் கட்ட வேண்டும். அந்தக் கடைசி விதி ஒருநாள் அவர்களையே திருப்பி அடிக்கும் என்று அப்போது யாருக்குத் தெரியும்?

1976-ல் அதிர்ஷ்டம் அடித்தது. ஜாக்கி சாட்டோ, மாக்கி உயேடா. இருவரும் சேர்ந்து 'பியூட்டி பேர்'. மோதுவார்கள், அதே ரிங்கில் நின்று பாடவும் செய்வார்கள். அதுவரை ஆண்கள் உட்கார்ந்திருந்த நாற்காலிகளைப் பள்ளி மாணவிகள் பிடித்துக்கொண்டார்கள். கலர் காகிதச் சுருள்கள் ரிங்கை மூடும் அளவுக்குப் பறந்தன. 1979-ல் புடோகான் அரங்கில் அந்த இருவரையே மோதவிட்டார்கள், தோற்றவர் விலக வேண்டும் என்ற நிபந்தனையோடு. உயேடா தோற்றார். இரண்டே வருடத்தில் சாட்டோவும் போனார். ஆனால் சாட்டோவின் கணக்கு இன்னும் முடியவில்லை.

அடுத்து 'கிரஷ் கேல்ஸ்': சிகுசா நகாயோ, லயனெஸ் அசுகா. எதிரே, முகத்தில் சாயம் பூசிய வில்லி டம்ப் மட்சுமோட்டோ. 1985 ஆகஸ்ட், ஒசாகா. தோற்றவர் தலையை மழிக்க வேண்டும். நகாயோ தோற்றார். ரிங் நடுவே அவர் முடி கொத்துக் கொத்தாக விழ, அரங்கில் சிறுமிகள் கதறி அழுதார்கள். வெற்றியின் உச்சம் அது. ஆனால் மறு வருடமே போட்டி நிறுவனம் ஒன்று முளைத்தது. அதன் முகமாக நின்றவர் அதே ஜாக்கி சாட்டோ!

1989-ல் அந்த வயது விதியின் கீழ் நகாயோவும் அசுகாவும் ஓய்வு பெற்றார்கள். அவர்களோடு நாற்காலிகளைப் பிடித்திருந்த பள்ளி மாணவிகளும் கிளம்பிவிட்டார்கள்.

இந்த இடத்தில் இரண்டு வருடம் பின்னே போக வேண்டும். 1987 ஏப்ரல். ஆல் ஜப்பானின் ஹிசாகோ உனோ, 19 வயது. மூன்று சுற்று ஆட்டம். எதிராளி அவரைக் கயிற்றின் மேலிருந்து தலைகீழாக இறக்கினார். கழுத்தெலும்பு முறிந்தது. அந்தப் பெண் விலகவில்லை. இரு கைகளாலும் தன் தலையைத் தானே தாங்கிப் பிடித்துக்கொண்டு மிச்ச ஆட்டத்தையும் ஆடினார். இதை எழுதும்போதே என் பின்கழுத்து கூசுகிறது. அவர் கதை அத்தோடு முடிந்தது என்றே தோன்றியது. முடியவில்லை. அகிரா ஹொகுடோ என்ற புதுப் பெயரோடு திரும்பி வந்தார்.

1992-ல், சாட்டோ முகமாக நின்ற அந்த நிறுவனம் இரண்டாக உடைந்தது. பகை நிறுவனங்களின் பெண்கள் ஒரே ரிங்கில் மோதினால் என்ன என்ற யோசனை வலுத்தது. 1993 ஏப்ரல் 2, யோகோஹாமா அரங்கம். ஆல் ஜப்பான் தரப்பில் ஹொகுடோ. மறுதரப்பில் ஜூடோவிலிருந்து வந்த ஷினோபு கண்டோரி, சாட்டோவோடு அந்த நிறுவனத்தில் தொடங்கியவர். ரத்தம் வழிய வழிய நடந்த ஆட்டத்தில் ஹொகுடோ ஜெயித்தார். அரங்கம் அதிர்ந்தது. இதைவிடப் பெரிய இடம் நாட்டில் எது?

பேஸ்பால் மைதானமான டோக்கியோ டோம். வெள்ளைக் கூரை உப்பி நிற்கும் அதன் செல்லப்பெயர் 'பிக் எக்', பெரிய முட்டை.

1994 நவம்பர் 20. 'பிக் எக் ரெஸ்லிங் யுனிவர்ஸ்'. பல நிறுவனங்களின் பெண்கள், 23 ஆட்டங்கள். அறிவிக்கப்பட்ட கூட்டம் 42,500. மதியம் தொடங்கியது நள்ளிரவை நெருங்கியும் முடியவில்லை. கடைசி ரயிலைப் பிடிக்க ஜனங்கள் அரை மனதோடு எழுந்து ஓடினார்கள். உட்கார்ந்திருந்தவர்கள் இறுதி ஆட்டத்தைப் பார்த்தார்கள். மலை போல நின்ற ஆஜா கோங்குக்கு எதிரே, ஒரே இரவில் மூன்றாவது முறையாக ரிங் ஏறிய ஹொகுடோ. ஜெயித்தது ஹொகுடோ.

அன்று அவருக்கு வயது 27.