தண்ணீரின் கணக்கு

கோலசிலாங்கூர்க் கடலோரத் தோட்டங்களில் மிகுநீரை வடிகால் வெட்டி வெளியேற்றுவதே பெரும்பாடு. அவ்வடிகால்களை வெட்டிய தமிழருட் பலர் வறண்ட சீமைகளை விட்டு வந்தோர். அங்கோ நீரைக் கொணர்வதே பெரும்பாடு.

வைகை வற்றும் மதுரைச் சீமையை எண்ணுக. மேற்கே ஓடிய பெரியாற்றை மலை குடைந்து கிழக்கே திருப்புதற்கு, 1886இல் சென்னை மாகாணத்தின் பொருட்டுத் திருவிதாங்கூருடன் 999 ஆண்டுக் குத்தகை எழுதப்பட்டது. நிலம் 8,000 ஏக்கர். ஏக்கருக்கு 5 ரூபாய் வீதம் ஆண்டுக்கு 40,000 ரூபாய். 1970இல் அவ்வீதம் 30 ரூபாயாக உயர்ந்தது. இரண்டும் நிலத்திற்கே வாடகை. நீருக்கெனத் தனி விலை இல்லை.

பென்னிகுயிக் கட்டிய அணை 1895இல் திறக்கப்படுமுன் காட்டுக் காய்ச்சலில் மாண்ட தொழிலாளர் பலர். அவர்தம் உயிரும் குத்தகையில் ஏறவில்லை.

கம்பம் பள்ளத்தாக்கில் விளைந்த நெல் வரவு. மாண்டோர் உயிர் செலவு. இவ்விரண்டும் ஏறாத கணக்கு, தண்ணீரின் கணக்கு ஆகாது.